துட்டி வீட்ல என்ன பேசுறதுனே தெரியல, பெரியம்மா முகத்த பாக்கவே பயமா இருக்கு

கரிசல்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இங்க சமையல் குறிப்பும் வாடகை வீட்டு பஞ்சாயத்தும் படிச்சிட்டு போற ஆளு நான், எழுதுறது இதான் முதல் தடவ. பெரிய போஸ்ட், மன்னிச்சுக்கோங்க.

எங்க பெரியம்மா பையன், எனக்கு தம்பி முறை, 27 வயசு, போன வாரம் வியாழக்கிழமை தவறிட்டான். அவனா எடுத்த முடிவு. எப்படினு மட்டும் யாரும் கேக்காதீங்க ப்ளீஸ், அத சொல்லிச் சொல்லியே வீட்ல எல்லாருக்கும் நாக்கு வறண்டு போச்சு.

ஊரு சாத்தூர் பக்கம். நான் சென்னைல வேலைல இருக்கேன், சேதி வந்து பஸ் புடிச்சு விடியக்காலம் போய் சேந்தேன். ஜிஹெச்ல இருந்து பாடி வர மத்தியானம் மூணு ஆயிருச்சு. வந்ததும் முதல் சண்டையே வீட்டுக்குள்ள கொண்டு போகலாமா வேணாமாங்கிறது தான். துர்மரணம், நடுவீட்ல கெடத்தக் கூடாது, வாசல்ல வச்சு அப்படியே தூக்கிருவோம்னு ரெண்டு பெருசுங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பெரியம்மா ஒரு வார்த்த பேசல. உள்ள போனாங்க, அவன் படுக்குற பாய எடுத்துட்டு வந்து திண்ணைல விரிச்சாங்க, சுருக்கம் இல்லாம கையால நீவி விட்டாங்க. அதுக்கு மேல யாரும் வாய தொறக்கல.

ஆனா அதுக்கப்புறம் வந்தவங்க அத்தன பேருக்கும் ஒரே கேள்வி. ஏன்? பொண்ணு விவகாரமா, கடனா, ரம்மி கிம்மி ஆடுனானா, வேலைய விட்டு தூக்கிட்டாங்களா. பந்தல்ல சேர் போட்டு உக்காந்து ஆளாளுக்கு துப்பறியிறாங்க, அவன் ஃபோன் லாக்க எடுக்க கடைல குடுக்கலாமானு கூட ஒருத்தர் கேட்டார். பெரியம்மா வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு தான் திரும்பத் திரும்ப சொல்றாங்க, "முந்துன நாள் ராத்திரி தோசை கேட்டான், மூணு சாப்ட்டான்". அதுக்கு ஒரு அத்தை, நல்ல மனுசி தான், ஆனா சொல்றாங்க, "பெத்தவளுக்கு தெரியாமலா இருந்திருக்கும், நீ கவனிச்சிருக்கணும்ல". நான் அங்கயே நின்னுட்டு இருக்கேன், எனக்கு வாய் வரல. அரை மணி நேரத்துல தலைவலினு சொல்லி பக்கத்து வீட்டுக்கு போய்ட்டேன், அதான் நான் பண்ணுன லட்சணம்.

இப்ப சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மாமா, சூரியன் உதிக்கிற படம் போட்டு "தற்கொலை கோழைகளின் முடிவு"னு முழ நீளத்துக்கு ஒரு ஃபார்வர்ட். கீழ பதினோரு கைகூப்புற பொம்மை. அந்த குரூப்ல தம்பி நம்பரும் இன்னும் இருக்கு. பெரியம்மா பொண்ணு, அவனோட தங்கச்சி, காலேஜ் ரெண்டாவது வருசம், அவளும் இருக்கா.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இல்லன்னா நான் என்னமோ யோக்கியம் மாதிரி ஆயிரும். ரெண்டு மாசம் முன்னாடி அவன் எனக்கு ஃபோன் பண்ணான். அக்கா தூக்கம் வரமாட்டேங்குது, ஒண்ணுலயும் புடிப்பு இல்லனான். நான் ஸ்டாண்ட்அப் மீட்டிங்குக்கு லேட்டாகுதேனு ஒரு கண்ணு லேப்டாப்ல வச்சிட்டு, "எல்லாருக்கும் தான்டா பிரச்சனை, ஃபோன நோண்டாம தூங்கு, காலைல வாக்கிங் போ"னு சொல்லி வச்சிட்டேன். அப்புறம் அவனே ஒரு டாக்டர பாத்து மாத்திரை சாப்ட்டானாம், அது அடிமை ஆக்கிரும்னு யாரோ சொல்லி பாதில நிறுத்திட்டானாம். இதெல்லாம் இப்ப தான் தெரியும்.

வர்ற வெள்ளிக்கிழமை பதினாறு. போயே ஆகணும். பெரியம்மாகிட்ட என்ன பேசுறது? மாமாவுக்கு குரூப்லயே பதில் போடவா வேணாமா? நாலு தடவ டைப் பண்ணி நாலு தடவ அழிச்சிட்டேன்.


நைட்டுடூட்டி:

தங்கச்சி, நான் ஒரு அரசு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், கேஷுவால்டில மட்டும் 14 வருசம். எந்த ஊருங்கிறது வேணாம்.

மொதல்ல அந்த ஃபோன் கால் பத்தி. நீ சொன்னத தான் இந்த நாட்டுல பத்துக்கு ஒம்பது பேர் சொல்லியிருப்போம், நானும் யூனிஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கேன். உன் பேச்சுனால அவன் போகல, வேற மாதிரி பேசியிருந்தா கட்டாயம் நின்னுருப்பான்னும் யாராலயும் சொல்ல முடியாது. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏத்துனா வண்டி அச்சு முறிஞ்சிரும்னு சொல்வாங்கல்ல, அது மாதிரி தான் இது. ஊரு கடைசியா வச்ச இறக மட்டும் தூக்கிப் புடிச்சிட்டு இது தான் காரணம் இது தான் காரணம்னு கத்தும். ரம்மி, லவ்வு, மார்க்கு, மாமியார், எல்லாம் கடைசி இறகு. கீழ எத்தன வருச பாரம் கெடந்துச்சுனு சொல்றதுக்கு ஆள் தான் இல்லயே. நாங்க எழுதுற கேஸ் சீட்லயும் காரணத்துக்கு ஒரு வரி இடம் தான் இருக்கும்.

அதனால பெரியம்மாகிட்ட ஏன்னு கேக்காத. கேக்குறவங்க மனசுல பாதி பதில் ஏற்கனவே இருக்கும், அதுக்கு அவங்க தலைய ஆட்டணும், அவ்ளோ தான் வேணும் இவங்களுக்கு. எங்க மார்ச்சுவரி வாசல்ல புங்க மரம் ஒண்ணு இருக்கு, அதுக்கு கீழ தான் அம்மாமாருங்க உக்காந்துருப்பாங்க, போலீஸ் கேட்டு முடிச்சிருக்கும், டாக்டர் கேட்டு முடிச்சிருப்பாரு, மறுபடி சொந்தக்காரங்க ஆரம்பிப்பாங்க. நான் போனா ஒரு தண்ணி பாட்டில மூடிய தொறந்து கைல குடுப்பேன். மூடியோட குடுத்தா அப்படியே வச்சிட்டு உக்காந்துருப்பாங்க, குடிக்க மாட்டாங்க. வேற ஒண்ணும் பேசுனது இல்ல. ரெண்டு மூணு வருசம் கழிச்சு பஸ் ஸ்டாண்ட்ல பாத்து என் கைய புடிச்சிட்டு அழுத ஆளு இருக்கு.

மாத்திரை விஷயம். மனச்சோர்வுக்கு குடுக்குற மாத்திரை சாராயம் மாதிரி அடிமையாக்குறது கெடையாது. வேலை செய்யவே ரெண்டு மூணு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் ஆகும், அதுக்குள்ள ஒண்ணும் கேக்கலயேனு விட்டுருவாங்க, இல்ல கொஞ்சம் நல்லா ஆனதும் டாக்டர கேக்காம டக்குனு நிறுத்திருவாங்க, ரெண்டுமே கஷ்டம். தூக்க மாத்திரை வேற கதை, அத ரொம்ப நாள் போட்டா பழகிரும். ஜனங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கிறாங்க.

மாமாவுக்கு குரூப்ல பதில் வேணாம்ங்கிறது என் கருத்து. அங்க போட்டா தீபாவளி வரைக்கும் ஓடும். ஃபோன் பண்ணி பேசு.

கடைசியா, அந்த தங்கச்சி மேல ஒரு கண்ணு வை. வீட்ல ஒருத்தர் இப்படி போய்ட்டா மத்தவங்களுக்கும் அந்த நேரம் ஆபத்தான நேரம் தான்.


நிஜம்சுடும்:

எல்லாரும் திட்டுவீங்க பரவால்ல. இப்படி தடவிக் குடுத்து தடவிக் குடுத்தே தான் இந்த தலைமுறைக்கு தாங்குற சக்தி இல்லாம போச்சு. எங்க அப்பாவுக்கு மூணு ஏக்கர் மானாவாரி, தொடர்ந்து ரெண்டு வருசம் மழ இல்ல, கந்து வட்டிக்காரன் வாசல்ல வந்து நின்னான், அவரு டிப்ரஷன்னு படுத்தாரா? பெத்தவளுக்கு இப்படி ஒரு தண்டனைய குடுத்துட்டு போனவன பாவம் பாவம்னா, அத பாக்குற நாலு பசங்களுக்கு என்ன தோணும், ஓ செத்தா எல்லாரும் நம்மள தூக்கி வச்சு பேசுவாங்க போலனு தோணாதா? தப்ப தப்புனு சொல்லணும். இது தான் அக்கறை.


நைட்டுடூட்டி:

தம்பி, நீங்க சொன்னதுல ஒரு பாதி சரி, அத மொதல்ல ஒத்துக்கிறேன். இறந்தவர தூக்கி வச்சு பேசக் கூடாது. தெருமுனைல பெரிய ஃப்ளெக்ஸ், சோகப் பாட்டு போட்டு ஸ்டேட்டஸ், கடைசி லெட்டர ஃபோட்டோ எடுத்து சுத்த விடுறது, எப்படி பண்ணாருனு விலாவாரியா பேப்பர்ல போடுறது, இதெல்லாம் ஏற்கனவே தத்தளிக்கிற இன்னொரு புள்ளய அந்தப் பக்கம் தள்ளி விடும். அதனால தான் பத்திரிகைக்கே எப்படி எழுதணும்னு பிரஸ் கவுன்சில் 2019ல விதிமுறை கொண்டு வந்துச்சு.

ஆனா தூக்கி வைக்காததும் காறித் துப்புறதும் ஒண்ணா? தடவிக் குடுக்குறதுனு சொன்னீங்கல்ல, அத அளந்தே பாத்துருக்காங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு, 2008ல வந்துச்சு. நம்ம சென்னை, கொழும்பு, அப்புறம் பிரேசில், ஈரான், சீனால ஒவ்வொரு ஊரு. முயற்சி பண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்து பொழச்சவங்க 1,867 பேரு. பாதி பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மீதி பேருக்கு அதோட ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பேச்சு, அப்புறம் 18 மாசத்துல 9 தடவ ஃபோன்லயோ நேர்லயோ "எப்படி இருக்கீங்க"னு விசாரிப்பு. முடிவுல பாத்தா மொத குரூப்ல தற்கொலைல போனவங்க 2.2 சதவீதம், விசாரிச்ச குரூப்ல 0.2. நீங்க கேலி பண்ற தடவல் தான் அது, ஒம்பதே ஒம்பது தடவ.

சட்டம் கூட மாறிருச்சு தம்பி. முன்னாடி முயற்சி பண்ணி பொழச்சு வந்தா 309னு கேஸ் உண்டு, ஒரு வருசம் வரைக்கும் ஜெயில். நாங்க டிரிப்ஸ் ஏத்திட்டு இருப்போம், கட்டில் பக்கத்துல ஏட்டு நோட்டோட நிப்பாரு. 2017 மனநலச் சட்டம் 115ஆவது பிரிவுல, அந்த ஆளு கடுமையான மன அழுத்தத்துல இருந்தாருனு தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, கவனிச்சுக்கணும்னு கொண்டு வந்தாங்க. 2024 ஜூலை 1ல வந்த புது சட்டத்துல அந்த 309 பிரிவே இல்ல. கவர்மெண்டே விட்டுருச்சு, நம்ம ஃபேமிலி குரூப் தான் இன்னும் எஃப்ஐஆர் போட்டுட்டு இருக்கு.


கடைசிரூம்:

நான் இத எங்கயும் எழுதுனது இல்ல, கரிசல்பொண்ணு அக்கா அந்த தங்கச்சியும் குரூப்ல இருக்கானு போட்டுருந்தத படிச்சிட்டு கை சும்மா இருக்கல.

எனக்கு அப்ப 19. எங்க தெருவுல ஒரு அண்ணன் இதே மாதிரி போய்ட்டாரு, எங்க வீட்டுக்கு அடுத்த வீடு, சடங்கு எல்லாம் முடிஞ்சு வந்தவங்களுக்கு காப்பி எங்க வீட்ல தான் போட்டாங்க. நான் உள் ரூம்ல படுத்துருக்கேன், கதவு சாத்தியிருக்கு, ஆனா ஓட்டு வீடு, எல்லாம் கேக்கும். எங்க அம்மா, ரெண்டு அத்தைங்க, ஒரு வாத்தியாரு. கோழப் பய, சோம்பேறி, அம்மா அப்பாவ நெனச்சானா, நம்ம புள்ளைங்க எல்லாம் அப்படி இல்லப்பானு எங்க அம்மா சொல்றாங்க, பெருமையா. அன்னைக்கு எனக்கு அந்த நெனப்பு வர ஆரம்பிச்சு நாலு மாசம் ஆகியிருந்துச்சு. யாருக்கும் தெரியாது. நல்லா ஞாபகம் இருக்கு, போர்வய தலைக்கு மேல இழுத்து மூடிக்கிட்டு, சரி, இவங்ககிட்ட மட்டும் எந்த காலத்துலயும் சொல்லக் கூடாதுனு முடிவு பண்ணேன். எங்க அம்மா என் மேல உசுர வச்சிருக்க ஆளு. அவங்க அந்த அண்ணன பத்தி தான் பேசுறோம்னு நெனச்சாங்க, கேட்டது நானு.

அப்புறம் ரெண்டு வருசம் வெளிய சிரிச்சிட்டே ஓட்டுனேன். காலேஜ் முடிச்சேன், வேலைக்கு போனேன், கிரிக்கெட் ஆடுனேன், பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

மாறுனது எதுனாலனா, எங்க சித்தப்பா. சைக்கிள் கடை வச்சிருந்தாரு, எட்டாவது ஃபெயிலு, பேச்சே கம்மி. பேப்பர்ல எவனோ ஒரு பையன் செய்தி வந்துருக்கு, கடைல இருந்தவங்க எல்லாம் வழக்கம் போல ஆரம்பிச்சாங்க. இவரு பஞ்சர் ஒட்டிக்கிட்டு தலைய கூட நிமித்தாம, "பாவம், அவனுக்கு எவ்வளவு வலிச்சுச்சோ"னாரு. அவ்ளோ தான். டியூப தண்ணில முக்கி குமிழ் வருதானு பாத்துட்டு இருக்காரு. நான் பக்கத்துல பெஞ்சுல உக்காந்துருந்தேன். உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

அன்னைக்கு ராத்திரி கடை அடைக்கிற நேரம் போய் சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னு கூட ஞாபகம் இல்ல, பாதி அழுகை தான். அவரு ஷட்டர பாதி எறக்கிட்டு அப்படியே நின்னாரு. அறிவுரை ஒண்ணும் இல்ல, அதிர்ச்சியும் காட்டல, அப்பாட்ட சொல்லவாங்கிற மிரட்டலும் இல்ல. "எத்தன நாளாடா"னு மட்டும் கேட்டாரு. அப்புறம் நேராவே, "இன்னைக்கு ராத்திரி அப்படி எதுவும் பண்ணிக்குவியா"னு கேட்டாரு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஆனா அப்படி ஒருத்தர் வாய விட்டு கேட்டதுல ஒரு பாரமே எறங்குச்சு. தெரியல சித்தப்பானேன். சரி வா எங்க வீட்ல படுன்னு கூட்டிட்டு போய்ட்டாரு, எங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணி கடைல லோடு வந்துருக்கு பையன் ஒத்தாசைக்கு வேணும்னு சொன்னாரு.

திங்கக்கிழமை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாரு, மனநல ஓபி. கல்யாணத்துக்கு மட்டும் போடுற வெள்ளச் சட்டைய போட்டுட்டு வந்தாரு, ஏன் சித்தப்பானு கேட்டதுக்கு, நல்லா உடுத்திட்டு போனா தான் மதிச்சு பேசுவாங்கடானு சொன்னாரு. வரிசைல அவரு நின்னாரு, என்ன உக்கார வச்சிட்டு. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் பாத்துட்டு என்ன இந்தப் பக்கம்னு கேட்டப்ப, "எனக்கு தான் தூக்கம் வரல, மாத்திரைக்கு வந்தேன்"னாரு. ஊர்ல ஆறு மாசம் அவர தான் ஒரு மாதிரி பாத்தாங்க, அவரு கண்டுக்கவே இல்ல.

இப்ப எனக்கு 30. நல்லா இருக்கேன், நடுவுல ஒரு தடவ மறுபடி வந்துச்சு, மறுபடி போய் பாத்தேன்.

அக்கா, பதினாறு அன்னைக்கு யாராவது வாய தொறந்தா அந்த வீட்ல எந்த ரூம்ல யாரு படுத்துருக்காங்கனு ஒரு தடவ பாத்துக்கோங்க.


முத்துநகரான்:

எங்க பக்கம், கடலோரக் கத்தோலிக்க ஊரு. எங்க பாட்டியோட தம்பி 1960கள்ல இப்படி இறந்தாரு, அவர கோயில் கல்லறைல வைக்க விடல, மதிலுக்கு வெளிய உடங்காட்டுக்குள்ள பொதச்சாங்க, பூசை கெடையாது, மணி கூட அடிக்கல. அப்ப திருச்சபை சட்டம் அப்படி. பாட்டி சாகுற வரைக்கும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னைக்கு எல்லாரும் உள்ள மெழுகுவர்த்தி ஏத்தும்போது ஒரு மெழுகுவர்த்திய முந்தானைல மறச்சு வெளிய கொண்டு போயி ஏத்திட்டு வருவா, கடக்காத்துல அது நிக்கவே நிக்காது, அணைய அணைய பத்த வைப்பா.

1983ல வந்த புது திருச்சபைச் சட்டத்துல அந்தத் தடை இல்ல. கடுமையான மனக் கோளாறோ பயமோ வேதனையோ இருந்தா அந்த ஆளோட பொறுப்பு குறையுதுனு மறைக்கல்வியிலயே சொல்லிட்டாங்க. போன வருசம் எங்க தெருவுல ஒரு பிள்ள இறந்தப்ப சாமியார் முழுப் பூசை வச்சாரு, பிரசங்கத்துல காரணம் ஒண்ணும் சொல்லல, அந்தப் பிள்ள பாட்டுக் குழுவுல கீபோர்டு வாசிச்சத பத்தி தான் பேசுனாரு. சட்டம் மாறி நாப்பது வருசம், ஆனா வெளிய வந்து நின்ன பெண்டுக பேச்சு அப்படியே 1960 தான்.


மஞ்சள்கனகாம்பரம்:

நான் அந்தப் பக்கத்துல உக்காந்தவ, அதனால சொல்றேன். எங்க அப்பா. நான் அப்ப எட்டாவது. மறுநாள் பேப்பர்ல ரெண்டு இஞ்சுக்கு செய்தி, "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்". அப்பாவுக்கு வயித்து வலியே கெடையாதுங்க, கல்லத் தின்னா செரிக்கும் அவருக்கு. சித்தப்பா தான் ஸ்டேஷன்ல அப்படி எழுதச் சொல்லியிருக்காரு. பின்னாடி கவனிச்சு பாத்தா தமிழ்நாட்டுல பாதி ஜனம் வயித்து வலில தான் போயிருக்கு பேப்பர் பிரகாரம். வயிறு வலிச்சா பாவம்னு சொல்ற ஊரு மனசு வலிச்சா வேற சொல்லும்னு சித்தப்பாவுக்கு தெரிஞ்சிருக்கு, இப்ப அவர் மேல கோவம் இல்ல. ஆனா அந்தப் பொய்ய இருபது வருசம் நாங்க தூக்கிச் சொமந்தோம், அப்பா பேச்சு எடுத்தாலே எங்க பொய்ல மாட்டிக்குவமோனு அவர பத்தி பேசுறதே நின்னு போச்சு.

பெரியம்மா தோசை சொல்றாங்கல்ல. அது ஒரு வாசல்ங்க. எல்லாரும் அத தாண்டி போறாங்க. நீங்க உள்ள போங்க. பையன் பேர சொல்லிப் பேசுங்க, பேர சொன்னா அழுவாங்களேனு பயப்படாதீங்க, அவங்க எப்படியும் அழுதுட்டு தான் இருக்காங்க.

இன்னொண்ணு, பதினாறோட விட்டுராதீங்க. அதுக்கப்புறம் பந்தல பிரிச்சிருவாங்க, சேர் எல்லாம் போயிரும், அன்னைக்கு சாயங்காலம் தான் வீடு வீடா இருக்காது. எங்களுக்கு எதிர் வீட்டு அம்மா ஒருத்தர் மூணு மாசம் வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒரு தூக்குச்சட்டில கொழம்பு குடுத்துட்டு போனாங்க, எப்படி இருக்கீங்கனு கூட கேக்கல, அடுத்த வாரம் பாத்திரம் வாங்க வருவாங்க. எங்க அம்மா செவ்வாய்க்கிழமைய வச்சு தான் நாள எண்ணுனாங்க.


நிஜம்சுடும்:

கடைசிரூம் எழுதுனத படிச்சேன். ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா படுக்கலனு எழுதுனேன்ல, நேத்து அம்மாட்ட கேட்டேன். அந்த வருசம் அப்பா ராத்திரியெல்லாம் கெணத்து மேட்டுல போய் உக்காந்துருப்பாராம், அம்மா பின்னாடியே போயி கொஞ்ச தூரத்துல உக்காந்துருக்குமாம், மாசக்கணக்கா. எங்களுக்கு யாரும் சொன்னதே இல்ல. அவ்ளோ தான், வேற ஒண்ணும் இல்ல.


கரிசல்பொண்ணு:

நேத்து ராத்திரி தான் சென்னை திரும்புனேன். எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணா பதில் போட தெம்பு இல்ல, நடந்தத மட்டும் சொல்றேன்.

வியாழக்கிழமையே போய்ட்டேன். ஒண்ணும் பேசல, நேரா அடுப்படிக்கு போயி வெங்காயம் உரிக்க உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல பெரியம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. மறுபடி அதே, "மூணு தோசை சாப்ட்டான்". மஞ்சள்கனகாம்பரம் அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு, தயங்கித் தயங்கி அவன் பேர சொல்லி, "அவனுக்கு என்ன சட்னி பெரியம்மா"னு கேட்டேன். என்ன ஒரு பார்வை பாத்தாங்க. "பொட்டுக்கடலைச் சட்னி ஆகாது அவனுக்கு, அரைச்சா கத்துவான், தக்காளி தான்"னு ஆரம்பிச்சு, ஒண்ணாப்பு படிக்கிறப்ப சட்னிய ஸ்லேட்டுல தடவுனது, எட்டாவதுல கோழிக்குஞ்ச சட்டைக்குள்ள வச்சு ஸ்கூலுக்கு கொண்டு போனதுனு ஒரு மணி நேரம் பேசுனாங்க. நடுவுல ஒரு தடவ சிரிச்சாங்க கூட, சிரிச்சிட்டு வாய பொத்திக்கிட்டாங்க. அப்புறம் தான் அழுதாங்க, நானும் அழுதேன், வெங்காயத்து மேல பழி போட்டுக்கிட்டோம். அந்த ஃபோன் கால் விஷயத்த சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்லல, என் தலைய இழுத்து மடில வச்சுக்கிட்டாங்க. மன்னிச்சாங்களானு எனக்கு தெரியல.

மாமாவுக்கு ஃபோன் பண்ணேன். நீ படிச்ச புள்ள, நீ பேசுவனு சொல்லி வச்சிட்டாரு. ஃபார்வர்ட் அங்கயே தான் இருக்கு. பந்தல்ல அவரு மறுபடி கோழைனு ஆரம்பிச்சப்ப நான், "மாமா, உள்ள பாப்பா படுத்துருக்கா"னு மட்டும் சொன்னேன். எந்திரிச்சு போயி வாழ எல எண்ணிட்டு இருந்தாரு.

அந்த பாப்பா. கடைசிரூம் தம்பி, நீங்க சொன்னதால தான் தேடுனேன், அவ்வளவு கூட்டத்துல அவள யாருமே தேடல. மாடில தண்ணித் தொட்டி ஓரமா உக்காந்துருந்தா. பக்கத்துல உக்காந்தேன், லேப்டாப் எல்லாம் இல்ல. தூக்கம் வருதானு கேட்டேன், இல்ல அக்கானா. உங்க சித்தப்பா கேட்ட மாதிரியே நானும் நேரா கேட்டேன், நாக்கு ஒட்டிக்கிச்சு, ஆனா கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், அப்பப்ப வருதுக்கானா. அண்ணன் மாத்திரைய நிறுத்தச் சொன்னது நான் தான்னா. அது இத்தன நாளும் அவளுக்குள்ளயே கெடந்துருக்கு.

அன்னைக்கு ராத்திரி அவ, நான், பெரியம்மா மூணு பேரும் ஒண்ணா தான் படுத்தோம். பெரியம்மாவுக்கும் சொல்லியாச்சு, மாத்திரை மருந்த எல்லாம் நான் எடுத்து என் பையில பூட்டிட்டேன். 14416, கவர்மெண்டோட மனநல உதவி நம்பர், அதுக்கு அவளயே பேச வச்சேன், தமிழ்லயே நல்லா பேசுனாங்க, முக்கால் மணி நேரம். இப்ப என் கூட சென்னைக்கு கூட்டிட்டு வந்துருக்கேன், பெரியம்மாவும் வந்துருக்காங்க. செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிட்டேன், பெரிய ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு போறோம்.

நைட்டுடூட்டி அக்கா, காலைல எத்தன மணிக்கு சீட்டு குடுக்க ஆரம்பிப்பாங்க? கூட ஒருத்தர் இருக்க விடுவாங்களா?


நைட்டுடூட்டி:

ஏழரைக்கே போயிருங்க, முன்னாடி போனா கூட்டத்துல நிக்க வேணாம். ஆதார் எடுத்துக்க. தம்பி சாப்ட்ட மாத்திரை சீட்டு வீட்ல இருந்தா அதயும் எடுத்துக்க, டாக்டர் கேப்பாரு. கூட இருக்கலாம், ஆனா கொஞ்ச நேரம் அவள தனியா பேச விடு. செவ்வாய் வரைக்கும் ராத்திரி தனியா விடாத, 14416 எந்நேரமும் எடுப்பாங்க, கவர்மெண்ட் மருத்துவ உதவி நம்பர் 104ம் இருக்கு, சென்னைலனா தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிநேகா 044 24640050, அவங்க 1986ல இருந்து இத தான் பண்றாங்க. நெலம மோசமாத் தெரிஞ்சா செவ்வாய் வரைக்கும் காத்துருக்காத, எந்நேரம்னாலும் கேஷுவால்டிக்கே கூட்டிட்டு போ.

பெரியம்மாவ வெறும் வயித்தோட கூட்டிட்டு போகாத. ஓபி முடிய ஒரு மணி ஆயிரும்.


கடைசிரூம்:

நல்ல சட்டையா போட்டுட்டு போங்க அக்கா.